பட்டி பார்த்த இரண்டு வருடங்கள்

நேர்முகத் தேர்வு என்று பெயர்தானே தவிர, நவநீதனின் முகத்தை அங்கே யாரும் பார்க்கவில்லை. ஒரு பெண் வந்து அவன் தலையில் வளையத்தை மாட்டி, கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கச் சொன்னாள். வளையத்தின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பிறகு சிவப்பானது. தகவல் சொல்கிறோம் என்று புன்னகையோடு வாசலைக் காட்டினாள். அந்தப் புன்னகையும் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுபோலவே இருந்தது. அவனும் பதிலுக்குச் சிரித்துவிட்டுப் படி இறங்கினான். கோயம்புத்தூர் அவினாசி ரோட்டின் இரண்டு பக்கமும் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் அவன் ஏறி இறங்காதது குறைவு.

வளையம் வந்த புதிதில் எல்லோரும் கைதட்டித்தான் வரவேற்றார்கள். அதற்கு முன்னால் வேலை விண்ணப்பங்களை எல்லாம் இயந்திரமே எழுதிக் கொடுத்தது. அதில் சோம்பேறி என்று ஒருவன்கூடக் கிடையாது. ஊரில் இருந்த அத்தனை பேரும் தலைவர்களாகவும் தியாகிகளாகவும் இருந்தார்கள். படித்துச் சலித்துப்போன முதலாளிகள் வளையத்தை வாங்கினார்கள். அது ஆளைக் கேட்காது, ஞாபகத்தைக் கேட்கும். எந்த வருடம் என்ன வேலை செய்தாய், கை எதைப் பழகியது, மூளை எதில் உழைத்தது என்று நேரே உள்ளே போய்ப் பார்த்துவிடும். வேலை இல்லாத காலம் அதற்கு வெறும் பள்ளமாகத் தெரிந்தது. ஏன் பள்ளம் என்று அது கேட்பதில்லை. பள்ளம் ஒரு வருடத்தைத் தாண்டினால் சிவப்பு. அந்த விதியை வைத்தது யார் என்று விசாரித்தால் எந்த அலுவலகத்திலும் யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் சிஸ்டம் என்றார்கள்.

நவநீதனின் பள்ளம் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்கு முன்னால் அவன் கார் இன்சூரன்ஸ் சர்வேயர். இடிபட்ட வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுகிற வேலை. வண்டிகள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்ட பிறகு ஒன்றோடொன்று இடிப்பதை நிறுத்திவிட்டன. ஊருக்கு நல்லது, அவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் ஒரே மாதத்தில் வேலை போனது. அவன் இடிந்து உட்கார்ந்துவிடவில்லை. முதியவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, உடை மாற்றும் இயந்திரங்களைப் பராமரிக்கிற படிப்பை வீட்டிலிருந்தே படித்துத் தேறினான். மனைவி தாரணி ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு ஷிப்ட் பார்த்தாள். அப்போது ஐந்து வயதான மகள் தளிர் பள்ளிக்கூட நேரம் போக மற்ற நேரமெல்லாம் அப்பாவோடு இருந்தாள். படிப்பு முடிந்தது, கையில் புதுத் தொழில் இருந்தது, வளையம் மட்டும் வழி விடவில்லை.

கிராஸ்கட் ரோட்டில் ஒரு மிட்டாய்க் கடையின் மாடியில் 'நிறைவு' என்று சின்னதாக ஒரு போர்டு தொங்கியது. பெரிதாக வைத்தால் போலீஸ் வரும். உள்ளே ஜெயசீலன் என்று ஒருவர், கழுத்தில் டையும் கனிவுமாக உட்கார்ந்திருந்தார். பள்ளம் இருந்தால் நிரப்பிவிடலாம் என்றார். இரண்டு வருடம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த ஞாபகத்தைத் தயாரித்து, அந்த இடத்தில் வைத்துவிடுவார்களாம். அப்புறம் எந்த வளையமும் கண்டுபிடிக்காதாம்.

"பட்டி பாக்கறதுதானுங்க?" என்று கேட்டான் நவநீதன்.

அவனுக்குத் தெரிந்த பாஷை அது. நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி, நிமிராத பள்ளத்தில் பட்டி பூசித் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டால் வண்டி புதிதுபோல் நிற்கும். பொய் க்ளெய்ம் போடுகிறவர்களுக்கு அதுதான் வேதம். நவநீதன் நடுவிரல் கணுவால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவான். தகடு கணீரென்று பேசும். பட்டி மொத்தென்று கிடக்கும். கைப்பிடிக்குப் பக்கத்தில் இரண்டு தட்டு, கீழே சக்கரத்தின் மேல்வளைவில் ஒரு தட்டு. பதினான்கு வருடம் அவன் பிழைப்பு அந்த மூன்று தட்டில்தான் நடந்தது.

ஜெயசீலனுக்குச் சிரிப்பு வந்தது. "அப்படியே வச்சுக்குங்க. தட்டிப் பாத்தாலும் தெரியாத பட்டி."

"இப்ப அங்க இருக்கற ரெண்டு வருஷம்?"

"அதை எடுத்தாத்தானுங்க இதை வைக்க முடியும். ஒரே நாற்காலியில ரெண்டு பேரை எப்படிங்க உக்கார வைக்கறது?"

"படிச்ச படிப்பு?"

"படிப்பும் கைப்பழக்கமும் மூளையில வேற எடமுங்க. அது எங்கயும் போகாது. நாளு மட்டும்தான் போகும்."

எடுத்த நாட்களை என்ன செய்வீர்கள் என்று நவநீதன் கேட்டான். அழித்துவிடுவோம் என்றார் ஜெயசீலன். வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த நாட்களை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று அவனையே திருப்பிக் கேட்டார். நவநீதனுக்கு அது சரியாகத்தான் பட்டது. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் அவனுக்குக் கல்யாண மண்டபங்கள்தான் ஞாபகம் வந்தன. இலையில் உட்கார்ந்தவுடன் பக்கத்து இலைக்காரர் தவறாமல் "இப்ப என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்று கேட்பார். மாமனார் வீட்டில் அவன் வந்தால் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்கள். தொலைந்தால் நல்லதென்றே நினைத்தான்.

தாரணி மட்டும் ஒன்று கேட்டாள். அந்த இரண்டு வருடம்தானே தளிர் உங்கள் கூடவே இருந்தாள் என்றாள். "முன்னாடியும் இருந்தா, பின்னாடியும் இருக்கா" என்றான் நவநீதன். "நடுவுல கொஞ்சம் போனா என்ன? புள்ளை எங்கயும் போயிடலையே." தாரணி அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருந்தாள். வாதாட அவளுக்குத் தெம்பில்லை. அவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட வேண்டுமென்ற ஆசை அவளுக்கும் இருந்தது. அதைக் குற்றம் சொல்ல முடியாது.

சில வாரங்களில் பட்டி பார்க்கும் வேலை முடிந்தது. நவநீதனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியும், தங்கியிருந்த அறையும், அறையின் ஒழுகும் குழாயும் ஞாபகத்தில் வந்து உட்கார்ந்தன. அடுத்த வளையத்தில் பச்சை விளக்கு பச்சையாகவே இருந்தது. பீளமேட்டில் பராமரிப்பு இயந்திரங்களை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். தாரணி ஒரு ஷிப்டை விட்டாள். வீட்டில் கேசரி கிண்டினார்கள். மாமனார் தானே போன் செய்து பேசினார்.

பிள்ளைகள் வளையத்தைவிடப் பொல்லாதவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவும் மகளும் கணபதியில் தங்கள் தெருவழியே கடைக்கு நடந்தார்கள். தாமாக ஓடாத பழைய கார்கள் அந்தத் தெருவில் இன்னும் வரிசையாக நின்றன. தளிர் ஒரு வெள்ளைக் காரின் பக்கத்தில் நின்று அப்பாவைப் பார்த்தாள். "நீ சொல்லுப்பா" என்றாள். என்ன சொல்வது என்று தெரியாமல் அவன் தட்டிக்கூடப் பார்க்காமல் ஒரிஜினல் என்றான். அவள் சின்ன விரலை மடக்கி மேலே இரண்டும் கீழே ஒன்றும் தட்டினாள். மொத்தென்றது. "பட்டி. நட" என்றாள்.

நவநீதன் நடந்தான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நடக்கிறேனே அம்மிணி, வா என்று கூப்பிட்டான். அவள் வந்து சேர்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் அவனைச் சோதிக்க ஆரம்பித்தாள். அவன் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டான். ஞாபகமில்லாதவன் வேறு என்ன செய்வான்? குழந்தை முகம் வாடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் சிரித்துத் தலையாட்டினான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"பேரூர் கோயில்ல யானை உன்ற தலையில தண்ணி ஊத்துச்சே, ஞாபகம் இருக்காப்பா?"

"இல்லாம? சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சே."

"ஊத்தலை" என்றாள் தளிர். "நாம பேரூருக்கே போகலை."

சாதத்தைப் பிசைந்து முடித்துத் தட்டைக் கழுவி வைத்தாள். மறுநாளிலிருந்து அவனை 'வாங்க, போங்க' என்று கூப்பிட ஆரம்பித்தாள். தண்ணீர் கேட்டால் டம்ளரைத் தட்டில் வைத்து விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் கொண்டுவந்தாள். மாமியார் வந்திருந்தபோது, பிள்ளைக்கு மரியாதை வந்துவிட்டது என்று மெச்சிக்கொண்டாள். தாரணி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நவநீதனுக்குப் பேச ஆளில்லாமல் போனது. வீட்டில் மகள் மரியாதையாக இருந்தாள். மனைவி அவனைப் பார்க்கும்போதெல்லாம் எதையோ சொல்லாமல் விட்டாள். ஓசூர் நாட்களில் பிரகதீஷ் என்று ஒரு கூட்டாளி அவனுக்கு இருந்தான். தினம் ஒன்றாக டீ குடித்தவன், நல்ல வாயாடி. மனசு கனக்கும்போது அவனோடு நாலு வார்த்தை பேசினால் தேவலை என்று இருக்கும். போனைக் கையில் எடுத்த பிறகுதான் அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்பது உறைக்கும். அது அவமானமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

கம்பெனியின் தலைவி ரேணுகாதேவி. ஐம்பதைத் தாண்டியவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வாரம் சேர்ந்தாற்போல் லீவு போட்டதில்லை என்று அலுவலகத்தில் பெருமையாகவும் கேலியாகவும் சொல்வார்கள். ஒருநாள் மதியம் வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்க அவரும் நவநீதனும் கிளம்பினார்கள். கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டிகள் நிற்குமிடத்துக்கு அவன் கொஞ்சம் பிந்தி இறங்கினான். ரேணுகாதேவி அவன் வந்ததைக் கவனிக்கவில்லை. பழைய நீலக் கார் ஒன்றின் முன்னால் நின்று, நடுவிரலை மடக்கி, கைப்பிடிக்குப் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினார். குனிந்து சக்கரத்தின் மேல்வளைவில் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு, புடவைக் கொசுவத்தைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து அடுத்த தூண் வரைக்கும் போனார்.

நவநீதன் படியிலேயே நின்றுவிட்டான். இன்சூரன்ஸ்காரன் எவனும் தட்டுவான். ஆனால் மேலே இரண்டு, கீழே ஒன்று என்பது ஊரில் அவன் ஒருவனுடைய கணக்கு.

வண்டியில் போகும்போது, இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் மேடம் என்று கேட்டான். ரேணுகாதேவிக்கு வெட்கமாகிவிட்டது. முதலில் பேச்சை மாற்றினார். வண்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தானாகவே சொன்னார்.

"விலைக்கு வாங்கினதுங்க. ரேஸ்கோர்ஸ்ல விக்கறாங்க. என்னை மாதிரி ஆளுகளுக்குன்னே."

அவர் பேசியதை எல்லாம் இங்கே எழுதினால் கதை நீண்டுவிடும். சுருக்கம் இதுதான். அவர் காலத்தில் வளையம் இல்லை. ஆனாலும் விண்ணப்பத்தில் ஒரு வருடம் விட்டுப்போனால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து குழந்தையைத் தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டதில் புருஷன் வேறு வழி பார்த்துக்கொண்டார். வளையம் வந்த பிறகு பயம் இன்னும் கூடியது. கடைசியில் உடம்பு கெட்டு டாக்டரிடம் போனபோது, இரண்டு வருடம் ஓய்வெடு என்றார். எடுத்தால் பள்ளம் விழும். அப்போதுதான் யாரோ ரேஸ்கோர்ஸ் முகவரியைக் கொடுத்தார்கள். வேறொருவர் வேலையில்லாமல் சும்மா இருந்த காலத்தை அப்படியே எடுத்து உள்ளே வைப்பார்கள்.

"அதுக்கு எடம் வேணுமே மேடம்?" என்றான் நவநீதன்.

"வேலைக்குச் சேர்றதுக்கு முந்தின வருஷங்களை வளையம் பாக்காதுங்க. காலேஜ்ல கடைசி ரெண்டு வருஷத்தை எடுத்துக்கிட்டாங்க. இப்ப பழைய சிநேகிதிக கூப்பிட்டா யாருன்னே தெரியறதில்லை. ஆனா நஷ்டமில்லைன்னுதான் சொல்லுவேன். எனக்கு ஒரு பொம்பளைப் புள்ளை கெடைச்சுதுங்களே."

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலே வேறாக இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கை கழுவாமல் முறுக்கு டப்பாவுக்குள் கை விடுமாம். கரண்ட் போனால் வயிற்றின் மேல் தலை வைத்துப் படுத்துக்கொள்ளுமாம். கார்களைத் தட்டிப் பார்த்துச் சொல்கிற விளையாட்டில் தோற்றவர்கள் அடுத்த மின்கம்பம் வரைக்கும் பின்பக்கமாகவே நடக்க வேண்டுமாம். முகம் மட்டும் வராது, பெயரும் வராது. விற்கும்போது அவற்றை அழித்துவிட்டுக் கொடுப்பார்கள், கூப்பிடுகிற இடம் வந்தால் காது அடைத்த மாதிரி இருக்கும் என்றார்.

ஜெயசீலன் எதையும் அழிக்கவில்லை. இரண்டு பக்கமும் காசு பார்த்திருக்கிறார். நவநீதனுக்கு முதலில் வந்தது கோபம். அது உள்ளேயே நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் தான் பட்டி பார்த்த ஆள் என்பது வெளியே வரும். வேலை போவதோடு, இனி எந்த வளையமும் அவனுக்குப் பச்சை காட்டாது. தாரணி மறுபடி இரண்டு ஷிப்ட் போக வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆனால் மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவோடு ரேணுகாதேவியின் அறைக்குப் போனான். அதற்கடுத்த நாளும் போனான். அவருக்கும் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் சந்தோஷம். இவன் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனான். சொந்த வீட்டில் ஓடு பிரித்து இறங்குகிற திருடன் மாதிரி இருந்தது அவனுக்கு. தெருவில் தளிரோடு நடக்கும்போது வேண்டுமென்றே தோற்றான், மின்கம்பம் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்தான். தளிர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சைக்கிள் பழகும்போது கோழியின் மேல் விட்டதைச் சொன்னான். நாய்க்குட்டிக்கு ரிப்பன் கட்டியதைச் சொன்னான். அவள் மேலே மேலே கேட்டாள். "அப்ப நான் என்ன சொன்னேன்?" என்று கேட்கும்போது மட்டும் அவனுக்குப் பதில் இருக்காது. அதை நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளிப்பான்.

மறுநாள் ரேணுகாதேவியிடம் அதைக் கேட்டான். அப்போது அந்தப் பிள்ளை என்ன சொல்லும் என்றான். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அதுதானுங்க எனக்கு ஆத்திரமே. அந்த ஆளு புள்ளை பேசறதைக் கேக்கவே மாட்டான். எந்நேரமும் போனைப் பாத்துக்கிட்டிருப்பான், எங்கயாச்சும் வேலை வந்திருக்கான்னு. அவன் கேட்டிருந்தாத்தானே எனக்குக் கேக்கும்? புள்ளை கையை ஆட்டி என்னமோ பெரிய கதை சொல்லுது, ஒரு சத்தமும் வரலை. அத்தனை ஆசையா வாங்கினேன், பாதிக்கு மேல ஊமையா இருக்கு. அந்த ஆளை ஒரு நா நேர்ல பாத்தா நல்லாக் கேட்டுப்போடுவேன்."

நவநீதன் கையில் இருந்த சோற்றை டப்பாவில் வைத்தான்.

"நாந்தானுங்க மேடம் அது" என்றான்.

அறைக்கு வெளியே யாரோ இயந்திரம் ஒன்றை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தூக்கி இறக்கும் சத்தம் கேட்டது. ரேணுகாதேவி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். அந்தக் கையை அவர் உள்ளேயிருந்து பார்த்துப் பழகியவர். மோதிர விரலில் இருந்த பழைய வெட்டுத் தழும்பை ஒரு விரலால் தொட்டார்.

"பேரென்ன புள்ளைக்கு?"

"தளிர்."

அவர் அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார். கண் கலங்கிவிட்டது. நவநீதன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அதைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டான். தனக்குப் பழையபடி பள்ளம் விழுந்தாலும் பரவாயில்லை என்று சொன்னான். பரவாயில்லை என்பது பொய் என்று இருவருக்கும் தெரிந்தது.

"தர மாட்டேனுங்க" என்றார் ரேணுகாதேவி. "கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு வீட்டுக்குப் போனா அவ இருக்கா. எனக்கு இது ஒண்ணுதான். பயப்படாதீங்க, நான் யாருகிட்டயும் சொல்லப்போறதில்லை, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ஒரே ஒரு தடவை அவ முகத்தை மட்டும் காட்டுங்க."

அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தாரணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். "உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணாங்கறது இதுதான்" என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், அதற்கு மேல் திட்டவில்லை. மடித்த துணியை எல்லாம் அலமாரியில் வைத்த பிறகு சொன்னாள்: "கூட்டிட்டுப் போங்க. அவ சின்னதுல இருந்ததை ஞாபகம் வச்சிருக்க ஒரு ஆளாவது அவளுக்கு வேணுமில்ல?"

சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் தளிரை ரேஸ்கோர்ஸில் இருந்த மேடம் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அப்பா ஆபீஸ் ஆன்ட்டி என்று மட்டும் சொல்லியிருந்தான். ரேணுகாதேவி அடுக்ககத்தின் கீழேயே காத்திருந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார், தலை புதிதாக வாரியிருந்தது. குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் ஓடிவந்து தூக்குவார் என்றுதான் நவநீதன் நினைத்தான். அவர் தூக்கவில்லை. நின்று, கண் இமைக்காமல் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற ஒரு பழைய காரிடம் போய் மேலே இரண்டும் கீழே ஒன்றும் தட்டினார்.

"ஒரிஜினல்" என்றார்.

தளிர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். போய்த் தானும் தட்டிப் பார்த்தாள். "பட்டி" என்றாள் மெதுவாக.

ரேணுகாதேவி கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார். தூண் வரைக்கும் போய் முதுகு இடித்து நின்றார். தளிர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவன் அவளிடம் முன்னே பின்னே கண்டதில்லை. அவள் ஏதோ புரிந்துகொண்டாள் என்று மட்டும் தெரிந்தது. அப்புறம் அந்த அம்மாளிடம் ஓடினாள். இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள், கேட்கிற தூரத்தில் அவன் இல்லை. கொஞ்ச நேரத்தில் கையைக் கோத்துக்கொண்டு லிப்டுக்குள் போனார்கள். அவனை வரச் சொல்லவும் இல்லை, வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

ஒரு தடவை என்று பேசியது அடுத்த சனிக்கிழமையும் நடந்தது, அதற்கடுத்த சனிக்கிழமையும். தளிர்தான் கேட்டாள், அவனால் மறுக்க முடியவில்லை. மேலே மாடியிலிருந்து சில நேரம் அவள் சிரிப்பு கேட்கும். அவன் கீழே ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்பான். வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, பாப்பாவைக் கூட்டிவர்ற டிரைவருங்களா என்று விசாரித்தார். ஆமாங்க என்று சொல்லி உட்கார்ந்துகொண்டான். இல்லை என்று சொன்னால் எங்கிருந்து ஆரம்பித்து எப்படிச் சொல்வது?

அப்படி ஒரு சனிக்கிழமை திரும்பும்போது தளிர் பின்னாலிருந்து ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. நவநீதன் வழியில் ஓர் இளநீர் வண்டியைப் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்தினான். போன் சட்டைப் பையில் அடித்தது. எடுத்து, யாரென்று பார்க்காமல் அணைத்து, ஸ்கூட்டரின் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினான். இப்போது சொல்லு அம்மிணி, முதலிலிருந்து சொல்லு என்றான்.

அவள் முதலிலிருந்து சொன்னாள். வகுப்பில் வர்ஷா என்ற பிள்ளைக்கு ஒரு பூனை இருக்கிறதாம். அது டீச்சரின் கைப்பைக்குள் புகுந்து ஸ்கூல் வேனில் டீச்சர் வீடு வரைக்கும் போய்விட்டதாம். டீச்சர் வீட்டில் மீன் தொட்டி இருந்ததுதான் பெரிய வம்பாம். கதைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. நடுவில் மறந்துபோய் இரண்டு தடவை திரும்பிப் போனாள். மீன்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னாள். நவநீதன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். இதைப்போல எத்தனை கதை கேட்பாரில்லாமல் வீணாகப் போயிருக்கும் என்று தோன்றியது.

கதை ஒருவழியாக முடிந்தது. தளிர் இளநீரை உறிஞ்சிவிட்டுக் காயைக் கடைக்காரரிடம் வெட்டக் கொடுத்தாள். அவர் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இதையும் வித்துறாதீங்க."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது என்று கேட்டான்.

"ஆன்ட்டிதான். நீங்க வேலைக்காக வித்துட்டீங்க, அவங்க வாங்கிட்டாங்கன்னு. நீங்க அழுதீங்கன்னும் சொன்னாங்க."

"நான் அழலையே அம்மிணி."

"இப்ப இல்லை. அந்த ரெண்டு வருஷத்துல. நான் தூங்கினதுக்கப்புறம் என்ற பக்கத்துல உக்காந்து அழுவீங்களாம். அவங்களுக்கு ஞாபகம் இருக்காம்."

கடைக்காரர் காயைப் பிளந்து, மட்டையிலேயே கரண்டி சீவி, அவள் கையில் கொடுத்தார். நவநீதன் ரோட்டைப் பார்த்தான். வண்டிகள் ஒன்றையொன்று உரசாமல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. பிறகு குனிந்து அவள் முகத்துக்கு நேராக வந்து, விற்க மாட்டேன் என்றான்.

தளிர் வழுக்கையைச் சுரண்டித் தின்பதிலேயே மும்முரமாக இருந்தாள். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. இன்னொரு தடவை சொன்னான்.